பெஞ்சில் அடுத்தது யார்

ஜூன் 14

அன்புள்ள அக்கா,

கடிதத்தின் முதல் வரியில் நலம் சொல்ல வேண்டும் என்று எங்கள் தமிழ் ஐயா அடித்துச் சொல்வார். அதனால் சொல்கிறேன். நான் நலம். அம்மா நலம். அப்பா கடைக்குப் போகிறார், வருகிறார். நீ எப்படி இருக்கிறாய்? உன் அறை மின்விசிறியைச் சரிசெய்து கொடுத்தார்களா?

அப்பாவுக்கு மட்டும் ஏன் 'நலம்' போடவில்லை என்று கேட்பாய். சில விஷயங்களை உனக்கு எழுதக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அவை என்னென்ன என்பதையும் எழுதக்கூடாதாம். நான் சொன்ன சொல் தவற மாட்டேன் என்று உனக்கே தெரியும். மற்ற எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

எங்கள் இங்கிலீஷ் டீச்சர் ஒரு டப்பாவில் சீட்டுகளைப் போட்டு ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வார்த்தை. "உங்களுக்கு வந்த வார்த்தையோட இந்த வருஷம் பூரா குடித்தனம் பண்ணுங்க. அதை யார் சொல்றாங்க, எங்கே சொல்றாங்க, எதுக்குச் சொல்றாங்கன்னு பாருங்க. கடைசியில ஒரு கட்டுரை" என்றார். என் பக்கத்துப் பெண்ணுக்கு 'ஓஷன்' வந்தது. முன் பெஞ்சுக்காரிக்கு 'ஹானர்'. எனக்கு வந்தது 'நெக்ஸ்ட்'.

வகுப்பே சிரித்தது. "சலூன் மாஸ்டர் பொண்ணுக்கு சலூன் வார்த்தையே வந்துடுச்சுடி" என்று ஒருத்தி சொன்னாள். எனக்கு முதலில் முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். அவள் சொன்னது சரிதானே. இந்த ஊரில் அந்தச் சொல்லை அப்பா சொல்வதுபோல் யார் சொல்கிறார்கள்? துண்டை ஒரு உதறு உதறி, திரும்பிக்கூடப் பார்க்காமல், கண்ணாடியில் பெஞ்சைப் பார்த்து "நெக்ஸ்ட்" என்பார். பெஞ்சின் முனையில் இருப்பவர் எழுந்திருப்பார். மற்றவர்கள் ஓர் இடம் நகர்ந்து உட்காருவார்கள். அவர் சொல்லாமல் வங்கி மேனேஜர்கூட எழுந்ததில்லை.

என் ஆராய்ச்சிக்கு அப்பா ஒருவரே போதும் என்று நினைத்தேன். ஆனால்... இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

நீ வேலைக்குப் போன ஊரில் அந்த வார்த்தையை யார் யார் சொல்கிறார்கள் என்று கவனித்து எழுது. நம் கடையின் இரண்டாவது நாற்காலிமேல் இப்போதும் பழைய பேப்பர்தான் அடுக்கியிருக்கிறது.

உன் தங்கை,
அகராதி
(நீ வைத்த பட்டப்பெயர்தானே, நானே போட்டுக்கொண்டேன்.)


ஜூன் 30

ஏய் அகராதி,

மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. மற்றபடி நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? வெந்நீரில் துண்டுகளைப் போட்டு அலசும்போது குனிந்து நிற்க வேண்டாம், ஒரு முக்காலி போட்டுக்கொள்ளச் சொல்.

நான் வேலைசெய்யும் அழகு நிலையத்தில் உன் வார்த்தைக்கு வேலையே இல்லை. வருகிறவர்கள் ஒரு மெஷினில் டோக்கன் எடுத்துக்கொள்வார்கள். 'டிங்' என்று சத்தம் வரும், பலகையில் நம்பர் எரியும், எழுந்து போவார்கள். ஆளை ஆள் கூப்பிடுவது கிடையாது. எங்கள் மேனேஜர் அம்மா மட்டும் என்னிடம் அதைச் சொல்வார். "நெக்ஸ்ட் மன்த் உனக்கு ஒரு சேர் தந்துடறேம்மா." சேர்ந்த நாளிலிருந்து சொல்கிறார். நான் இன்னும் தலை அலசிவிட்டு, தரையில் விழுந்த முடியைப் பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது நாற்காலியைப் பற்றி நீ எழுதாமலே இருந்திருக்கலாம். போன வருஷம் அப்பாவுக்குக் காய்ச்சல் அடித்த அன்று நான் கடையைத் திறந்தேன். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் நான்தானே வெட்டிவிட்டுக்கொண்டிருந்தேன், பெரியவர்களுக்கும் வெட்டினால் என்ன என்று நினைத்தேன். அந்த நாற்காலியில் ஒருவருக்கு முடித்துத் துண்டை உதறி, அப்பா மாதிரியே "நெக்ஸ்ட்" என்றேன். வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். பெஞ்சு முழுக்க ஆட்கள். அத்தனை பேர் முன்னால், "உன்னை நான் கூப்பிடலையே" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. நீ அப்போது பள்ளியில் இருந்தாய், உனக்கு அந்தக் குரல் தெரியாது. அந்த வாரமே நான் இங்கே வேலைக்கு வந்துவிட்டேன்.

அந்தக் கடையில் கூப்பிடாமல் எழுந்தவருக்கு என்ன மரியாதை என்று உனக்குத் தெரியும். எனக்கு அப்பாமேல் வருத்தம் இருக்கிறது, கோபம் இல்லை. அவர் கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாமல் வரமாட்டேன். இதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

சத்தியமெல்லாம் என்ன? அப்பா புதிதாக ஏதாவது கடன் கிடன் வாங்கினாரா?

உன் அக்கா


ஜூலை 12

அன்புள்ள அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அம்மா முக்காலி போட்டுக்கொண்டார். "பெரியவ அங்கிருந்தே அதிகாரம் பண்றா பாரு" என்று சொல்லிக்கொண்டே போட்டுக்கொண்டார்.

கடன் இல்லை. அதை எழுதக்கூடாது என்று சொல்லவில்லை, அதனால் எழுதலாம்.

உன் மேனேஜர் அம்மாவின் 'நெக்ஸ்ட் மன்த்'தை ஆராய்ச்சியில் சேர்த்துவிட்டேன். அந்த மாதம் எப்போதுமே வராது, அக்கா. வந்து சேர்ந்ததும் அது 'இந்த மாதம்' ஆகிவிடுகிறது. டீச்சர் இதைப் படித்து ஓரத்தில் ஒரு டிக் போட்டார்.

'நெக்ஸ்ட் டோர்' என்றால் அடுத்த வீடு. 'நெக்ஸ்ட் டு நத்திங்' என்றால் அனேகமாக ஒன்றுமில்லை. இதற்கு நான் எழுதிய உதாரணம்: 'அவர் இப்போதெல்லாம் நெக்ஸ்ட் டு நத்திங்தான் சாப்பிடுகிறார், விழுங்கினால் வலிக்கிறது.' உதாரண வாக்கியம் கற்பனையாகவும் இருக்கலாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை கடை பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தேன். 'நீங்க முன்னாடி' மாமா வழக்கம்போல முதலில் வந்து கடைசியில் முடிவெட்டிக்கொண்டார். தன் முறை வரும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவரிடம் "எனக்கென்ன அவசரம், நீங்க முன்னாடி போங்க" என்கிறார். சும்மா சொல்லக்கூடாது, கடைச் சட்டப்படி அது செல்லும். இடத்தை விட்டுக்கொடுத்தாலும் இடம் போகாது. அதற்கு அடுத்ததும் அவர்தான். பெஞ்சில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசத்தான் அவர் வருகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். இரும்புக்கடைக்காரர், "யோவ், உன் தலையில மீதி இருக்கிற முடியும் காத்திருந்தே கொட்டிப்போயிடும்" என்றார். "கொட்டினா மாஸ்டருக்கு வேலை மிச்சம்" என்றார் மாமா.

அப்பா இப்போதெல்லாம் "நெக்ஸ்ட்" என்று சொல்வதில்லை. துண்டை இரண்டு முறை உதறுகிறார். படீர், படீர். பெஞ்சும் பழகிக்கொண்டது. இரண்டாவது 'படீரு'க்கு முனையில் இருப்பவர் எழுந்துவிடுகிறார். பார்க்க நன்றாகவே இருக்கிறது. இதை ஆராய்ச்சியில் எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. ஒரு வார்த்தையைச் சொல்லாமலே பயன்படுத்துவதை வார்த்தையின் பயன் என்று எழுதலாமா?

உன் தங்கை,
அகராதி


ஜூலை 25

அன்புள்ள தங்கைக்கு,

நலம் விசாரித்து நேரத்தைக் கடத்தப்போவதில்லை. அப்பா ஏன் துண்டை உதறுகிறார்?

முந்தாநாள் கடைக்குப் போன் பண்ணினேன். அந்தப் போனில் நான் பேசினால் பெஞ்சு முழுக்கக் காது கொடுக்கும் என்றுதான் நாம் கடிதம் எழுதிக்கொள்கிறோம். இருந்தாலும் பண்ணினேன். அப்பாதான் எடுத்தார், மூச்சை வைத்தே தெரிந்தது. எப்போதும் என் குரல் கேட்டதும் "இரு" என்று ஒற்றைச் சொல் சொல்லி, சுவருக்கு அந்தப்பக்கம் வீட்டிலிருக்கும் அம்மாவைக் கூப்பிடுவார். ஒரு வருஷமாக எனக்கு அவரிடமிருந்து கிடைப்பது அந்த ஒரு சொல்தான். அன்று அதுவும் இல்லை. ரிசீவரைக் கண்ணாடித் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு இரும்புக்கடை அண்ணன் எடுத்து, "அம்மா வந்துக்கிட்டிருக்காங்கம்மா, நீ நல்லா இருக்கியா" என்றார். அவர் இவ்வளவு அன்பாகப் பேசிக் கேட்டதில்லை.

அம்மாவிடம் கேட்டேன். "ஒண்ணுமில்லடி, தொண்டை கட்டியிருக்கு" என்றார். எத்தனை நாளாக என்றேன். "அடுப்புல பால்" என்று வைத்துவிட்டார். மத்தியானம் என்ன பால்?

உன் சத்தியத்தை நீ வைத்துக்கொள். எனக்குப் பதில் மட்டும் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்கா,

பதில் எழுத இத்தனை நாள் எடுத்ததற்கு மன்னித்துக்கொள். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றும் வாக்குத் தவறலாக இருந்தது. அம்மாவிடம் யோசனை கேட்டேன். "நானும் சத்தியம் பண்ணியிருக்கேன், நீயும் பண்ணியிருக்க. உன் ஸ்கூல் வேலைக்கு யாரும் சத்தியம் பண்ணலையே" என்று சொல்லிவிட்டுத் துண்டு மடிக்கப் போய்விட்டார். ஆகவே இது என் ஆராய்ச்சியைப் பற்றிய கடிதம்.

நம் ஊரில் சலூனுக்கு அடுத்தபடியாக 'நெக்ஸ்ட்' என்ற சொல் அதிகம் கேட்கும் இடம் ஆஸ்பத்திரி. நான் அங்கே ஏன் போனேன் என்று கேட்காதே. அங்கேயும் சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு. அங்கேயும் எல்லாரும் ஓரிடம் ஓரிடமாக நகர்ந்து உட்காருகிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், சலூனில் அந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் மலர்கிறது. இங்கே பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள்.

பெஞ்சில் ஒரு மனிதரைக் கவனித்தேன். வாரா வாரம் வருகிறார். சட்டைப்பையில் சீப்பு. உட்கார்ந்ததும் முன்னால் நிற்பவர்களின் பிடரியைத்தான் பார்க்கிறார். மோசமாக வெட்டிய தலையைக் கண்டால் அவர் விரல்கள் தானாக அசைகின்றன. கூட ஒரு பெண்மணியும், மடியில் புத்தகத்தோடு ஒரு பள்ளி மாணவியும் வருகிறார்கள்.

அவர் முறை வந்ததும் நர்ஸ் "நெக்ஸ்ட்" என்கிறார். அந்த மனிதர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கையால் 'நீங்க போங்க' என்று காட்டுகிறார். இருமுகிறவருக்கு விட்டுக்கொடுக்கிறார். குழந்தை வைத்திருப்பவருக்கு விட்டுக்கொடுக்கிறார். யாரும் இருமாவிட்டால், இருமப்போகிறவர்போல் தெரிகிறவருக்கு விட்டுக்கொடுக்கிறார். டாக்டர் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்வரை இப்படியே. பிறகு எழுந்து சட்டையை நீவிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறார். கூட வந்த பெண்மணி ஒன்றும் பேசாமல் பின்னால் நடக்கிறார். நேற்று தெருமுனையில் மட்டும், "இந்த ஆஸ்பத்திரியில எல்லார் நோயும் உங்க புண்ணியத்துல தீர்ந்துடுச்சு" என்றார்.

அவர் கணக்கு எனக்குப் புரிகிறது. விட்டுக்கொடுத்தாலும் இடம் போகாது என்பது அவர் வேலைசெய்யும் இடத்துச் சட்டம். அதன்படி அவர்தான் எப்போதும் நெக்ஸ்ட். நெக்ஸ்டாகவே இருந்துவிட்டால் உள்ளே போக வேண்டியதில்லை. உள்ளே போனால் என்ன சொல்வார்களோ என்று பயம். அவர் அதைச் சொல்லவில்லை. சொல்ல அவரால் முடியாது.

மாணவி பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிப்பதுபோல் நடிக்கிறாள். அவள் என்ன செய்யலாம் என்று உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. ஆராய்ச்சிக்கு உதவும்.

உன் தங்கை,
அகராதி


ஆகஸ்ட் 16

என் செல்லமே,

உன் கடிதத்தை அழகு நிலையத்துப் பின்கட்டில், ஈரத் துண்டுகளுக்கு நடுவில் நின்று படித்தேன். ஷாம்பு கண்ணில் பட்டுவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

நீ எந்தச் சத்தியத்தையும் மீறவில்லை. அந்த மாணவி கெட்டிக்காரி என்று நான் சொன்னதாக அவளிடம் சொல்.

அந்த மனிதரோடு வாதாடிப் பயனில்லை. கூப்பிட்டால்தான் எழ வேண்டும், விட்டுக்கொடுத்தால் இடம் போகாது என்ற இரண்டு சட்டங்களில்தான் அவர் வாழ்க்கையே ஓடியிருக்கிறது. அதே சட்டத்தை வைத்துத்தான் அவரை எழுப்ப வேண்டும். விட்டுக்கொடுப்பதில் அவரை ஜெயிக்கிற ஆள் ஊரில் ஒருவர்தான் இருக்கிறார்.

அடுத்த வாரம் 'நீங்க முன்னாடி' மாமாவையும் கூட்டிக்கொண்டு போ. அந்த மனிதருக்குப் பக்கத்தில் உட்கார வை. நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். மாமா மாமாவாக இருந்தால் போதும்.

பணம் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். அம்மாவிடம் கொடு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மூவருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அக்கா


செப்டம்பர் 3

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதலாம். அப்பாவே சொல்லிவிட்டார். எங்கே ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. மாமாவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மாமாவிடம் விஷயத்தைச் சொன்னதும், "நான் எதுக்குமே உதவாதவன்னு எங்க வீட்டுல பேரு. இதுக்காவது உதவுறேனா பார்ப்போம்" என்று சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி பெஞ்சில் அப்பாவுக்கும் மற்ற கூட்டத்துக்கும் நடுவில் அணைபோல உட்கார்ந்துகொண்டார்.

நர்ஸ் "நெக்ஸ்ட்" என்றார். அப்பா மாமாவைப் பார்த்து வழக்கம்போல் கை காட்டினார்.

"ஐயையோ, நானா? நீங்க முன்னாடி போங்க மாஸ்டர்."

அப்பா மறுபடியும் கை காட்டினார்.

"நல்லா இருக்கே நியாயம். உங்க கடையில நான் என்னைக்காவது முன்னாடி போயிருக்கேனா? இங்க வந்து என் பேரைக் கெடுத்துக்கணுமா?"

அப்பா மாமாவைத் தாண்டிப் பின்னால் இருந்த பாட்டியைக் கூப்பிடப் பார்த்தார். மாமா காலை நீட்டிக்கொண்டார். "பாட்டி எனக்கு அடுத்தது. நான் போகாம அவங்க போக முடியாது. மாஸ்டர் போகாம நான் போகமாட்டேன்."

"ரெண்டு பேர்ல யாருக்குத்தான் உடம்பு சரியில்ல?" என்றார் நர்ஸ்.

"இவருக்குத்தாம்மா. எனக்கு முடிதான் லேசா வளர்ந்திருக்கு."

"அதுவும் காதோரம் மட்டும்தான்" என்றார் பாட்டி. "அடேய், ரெண்டு பேர்ல ஒருத்தன் எழுந்திருங்கடா. என் பேத்தி கல்யாணத்துக்குள்ள வீட்டுக்குப் போகணும்."

பெஞ்சு முழுவதும் சிரித்தது. அப்பாவும் சிரித்தார், அக்கா. சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. சிரித்து முடித்ததும் சட்டைப்பையிலிருந்த சீப்பை எடுத்து என் கையில் கொடுத்தார். எழுந்து உள்ளே போனார். அம்மா பின்னாலேயே ஓடினார். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பாட்டி அவரிடம், "இப்போ நீ போறியா, நான் போகட்டுமா?" என்றார். மாமா என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும்.

குரல் நாணில் சதை வளர்ந்திருக்கிறது. உள்ளூரில் முடியாது, பெரிய ஆஸ்பத்திரியில்தான் எடுக்க வேண்டும். நல்லதா கெட்டதா என்று எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும். எப்படியானாலும் தள்ளிப்போடக் கூடாது, குரல் பழையபடி வரும் என்று நம்ப வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும் அப்பா காற்றாக ஒரு வார்த்தை சொன்னார். "எழுது." அதனால் எழுதுகிறேன்.

ஆனால் போக மறுக்கிறார். ஒரு மாதம் அங்கே தங்க வேண்டும். அம்மாவின் காதருகே சொன்னதை அம்மா எனக்குச் சொன்னார்: "கடையைப் பூட்டினா பெஞ்சு கலைஞ்சுடும்." அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விரலால் காட்டுகிறார். அந்த மாதம் எப்படிப்பட்டது என்று நான்தான் ஏற்கெனவே ஆராய்ந்திருக்கிறேனே. அக்காவைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார். ஆமாம் என்றும் தலையாட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை.

நூலகத்துப் பெரிய அகராதியில் ஒன்று பார்த்தேன். 'நெக்ஸ்ட்' என்ற சொல்லுக்கு ஆதியில் 'மிகப் பக்கத்தில் இருப்பது' என்றுதான் பொருளாம். வரிசையெல்லாம் பிறகு வந்து சேர்ந்தது. நம் 'அடுத்த'வும் அப்படித்தானே. ஆனால் நாம் 'அடுத்தவர்' என்றால் வேறு யாரோ என்று நினைத்துக்கொள்கிறோம். பக்கத்தில் இருப்பவரையே அந்நியராக்கும் வழக்கம் எப்போது வந்தது என்று அகராதியில் இல்லை.

உன் தங்கை


செப்டம்பர் 11

அகராதிக்கு,

மேனேஜர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "நெக்ஸ்ட் மன்த் கண்டிப்பா சேர் தர்றேன்மா, போகாதே" என்றார். அதை எனக்கு அடுத்து வருகிற பெண்ணுக்குக் கொடுங்கள் என்றேன்.

கூப்பிட்டால்தான் வருவேன் என்று எழுதியிருந்தேன். கூப்பிட அவருக்குக் குரல் இல்லாதபோது நான் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு காத்திருப்பதில் என்ன பெருமை? கூப்பிடாமலே எழுந்து வருகிறேன். அவர் திட்ட நினைத்தாலும் சத்தம் வராது என்பது ஒரு வசதி. (இதைப் படித்து அழாதே. சிரிக்கத்தான் எழுதினேன்.)

அம்மாவைத் துண்டுகளைக் கொதிக்க வைக்கச் சொல். நீயும் அம்மா அப்பாவோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. அவர் பேச நினைப்பதை முகம் பார்த்துச் சொல்லும் ஆள் வேண்டும். பள்ளியில் நான் வந்து சொல்லிக்கொள்கிறேன். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டாம்.

வருகிறேன்.
அக்கா


அக்டோபர் 12

ஆஸ்பத்திரியில் இருக்கும் என் தங்கைக்கு,

நம் வீட்டிலிருந்து உனக்கு நான் கடிதம் எழுதுவது வேடிக்கையாக இருக்கிறது. உன் மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது என்று அம்மா போனில் சொன்னார். அதற்குமேல் என்னால் கேட்க முடியவில்லை, நீ விவரமாக எழுது. அம்மாவின் முழங்காலையும் பார்த்துக்கொள்.

நீங்கள் கிளம்பிய அன்று நடந்ததை நீ பார்க்கவில்லை, பைகளை எடுக்கப் போயிருந்தாய். அப்பா கடைக்குள் வந்து என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். நாள் முழுக்க ஷாம்புத் தண்ணீரில் ஊறி வெடித்த கை. இரண்டாவது நாற்காலியின் மேலிருந்த பேப்பர்களை எடுத்துக் கீழே வைத்தார். கடைச் சாவியை அந்த நாற்காலியில் வைத்துவிட்டு, அடுத்த மாதம் என்று விரல் காட்டாமல், நான் கூட்டி வந்திருந்த வண்டியில் ஏறிவிட்டார். கையில் தரவில்லை. அது கொடுத்ததா, வைத்துவிட்டு மறந்ததா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மறுநாள் கடையைத் திறந்தேன். பெஞ்சு நிறைந்துதான் இருந்தது, வேடிக்கை பார்க்க. துண்டை உதறி "நெக்ஸ்ட்" என்றேன். ஒருவரும் எழவில்லை. இரும்புக்கடை அண்ணன் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். 'உன்னை நான் கூப்பிடலையே' என்று அப்பா சொன்னதைக் கேட்டவர்கள்தானே எல்லாரும். என் காதிலும் அதுதான் ஒலித்தது.

இரண்டாம் முறை வாயைத் திறக்கவில்லை. துண்டை மட்டும் உதறினேன். படீர், படீர்.

முனையில் 'நீங்க முன்னாடி' மாமா இருந்தார். பக்கத்தில் இருந்தவர் பழக்கத்தில் எழுந்துவிட்டார். மாமா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"யோவ், எங்க முந்துற? என் முறை இது."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் கேட்டதில்லை. வந்து இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து, "காதோரம் மட்டும் எடும்மா. நடுவுல இருக்கிறது நாலுபேர் பார்க்கிறதுக்கு" என்றார். நான் கத்தரியை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்ததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அதன்பிறகு பெஞ்சு நகர்கிறது. அப்பாவின் நாற்காலியில் யாரையும் உட்கார வைக்கவில்லை. "முதல் நாற்காலி சும்மாதானே இருக்கு" என்று நேற்று ஒரு புது ஆள் கேட்டார். "அதுக்கு ஆள் வந்துக்கிட்டிருக்காரு" என்று இரும்புக்கடை அண்ணன் அதட்டினார்.

இதையெல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டலாம். நான் கூப்பிடாமல் வந்தது தப்பென்றால் அதையும் கேட்டு எழுது. எப்படியும் அவர் திரும்பி வரும்வரை இங்கே இருப்பேன். அதற்குப் பிறகு இருப்பதா என்பது அவர் சொல்ல வேண்டியது.

அக்கா


அக்டோபர் 21

அன்புள்ள அக்கா,

நான் நலம். அம்மா நலம். அப்பா நலம். மூன்றாவதை யோசித்துத்தான் எழுதுகிறேன். எடுத்த சதை கெட்டதில்லை என்று நேற்று முடிவு வந்தது. அம்மா டாக்டரிடம் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அவர் அதையேதான் சொன்னார். குரல் மட்டும் இனிமேல் கிசுகிசுப்பாகத்தான் வரும். இப்போதைக்கு அதையும் பயன்படுத்தக் கூடாது.

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஆஸ்பத்திரித் துண்டு. நான் உரக்கப் படித்தேன். அந்த வார்டில் ஒரு பக்கத்துக்கு ஆறேழு கட்டில்கள், எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தலைகீழ்ப் பேப்பர் வந்த இடத்தில் எதிர்க்கட்டில்காரர் சிரித்தார். நாற்காலியில் வைத்த சாவி வந்தபோது அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். மாமா "என் முறை இது" என்ற இடத்தில் அவர் தோள் குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

படித்து முடித்துக் கடிதத்தை மடித்தேன். அப்பா மடியிலிருந்த துண்டை எடுத்தார். படீர், படீர் என்று உதறினார்.

பக்கத்துக் கட்டில்காரர் என்னவோ என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த பக்கத்தைப் படிக்கச் சொல்கிறார் என்று நினைத்து, "அவ்வளவுதான்ப்பா. லெட்டர் முடிஞ்சுடுச்சு. அடுத்தது வந்தாத்தான்" என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார், அது இல்லை என்று. என் கையிலிருந்த கடிதத்தை வாங்கிப் பிரித்தார். கடைசியில் 'அக்கா' என்று நீ கையெழுத்திட்ட இடத்தில் விரலை வைத்தார். விரலை எடுக்காமல், மற்றொரு கையால் துண்டை மறுபடி உதறினார்.

ஒரு வருடத்துக்கும் மேலாகிவிட்டது, அக்கா. கூப்பிட்டுவிட்டார்.

அம்மா தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். "இதை இவ்வளவு தூரம் வந்து, இத்தனை ஊசி போட்டுக்கிட்டுத்தான் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கட்டுரையின் கடைசிப் பத்தியை இங்கேயே எழுதிவிடப் போகிறேன். உனக்கு மட்டும் ஒன்று. கூப்பிட்டாயிற்று என்பதற்காக நீ எழுந்து வர வேண்டாம். அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாய் இல்லையா, அங்கேயே நில்.

உன் தங்கை,
அகராதி